பிரிட்டனில் ஓட்டுநர் தண்டனைப் புள்ளிகளும் உரிமத் தடையும்: புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ பிரிட்டனுக்கு வந்து, ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ குரோய்டனிலோ குடியேறி முதல் காரை வாங்கும் ஒருவர், போக்குவரத்து அபராதம் என்றால் பணம் கட்டித் தீர்த்துவிடும் விஷயம் என்றே பெரும்பாலும் எண்ணிக்கொள்கிறார். இந்நாட்டில் பணம் கட்டுவதோடு விஷயம் முடிவதில்லை. குற்றத்துக்கான புள்ளிகள் ஓட்டுநரின் பெயரில் பதிவாகி, ஆண்டுக்கணக்கில் அவரைப் பின்தொடர்ந்து, ஓர் எல்லையைத் தாண்டியதும் ஓட்டும் உரிமையையே பறித்துவிடுகின்றன. இந்த முறை எப்படி நடக்கிறது, எந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே கூறப்படுபவை இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளுக்குப் பொதுவாகப் பொருந்தும். நீதிமன்ற நடைமுறை பற்றிய பகுதிகள் இங்கிலாந்தையும் வேல்ஸையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வட அயர்லாந்தில் உரிமம் வழங்கும் நிறுவனமும் சில விதிகளும் வேறு.

முதற்படி: உங்கள் உரிமத்தின் நிலையை அறிந்துகொள்ளுங்கள்

இந்திய உரிமமோ இலங்கை உரிமமோ வைத்திருப்பவர், இந்நாட்டில் வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதங்கள் வரை அந்த உரிமத்தைக் கொண்டு கார் ஓட்டலாம். அதன் பிறகு அது இங்கே செல்லாது. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா போன்ற சில நாடுகளின் உரிமங்களைப் பிரிட்டிஷ் உரிமமாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தற்காலிக உரிமம் எடுத்து, எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதித் தேற வேண்டும். 12 மாதம் கடந்த பிறகு ஊர் உரிமத்தோடு தனியாக ஓட்டினால், உரிமமின்றி ஓட்டிய குற்றத்துக்கு 3 முதல் 6 புள்ளிகள் வரை விழும். அதைவிடப் பெரிய ஆபத்து என்னவென்றால், செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலான காப்பீட்டு ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. எனவே காப்பீடின்றி ஓட்டிய குற்றமும் சேர்ந்துகொள்ளக்கூடும்.

பிரிட்டிஷ் உரிமமே இல்லாதவருக்குப் புள்ளிகள் விழாது என்று சிலர் நம்புகிறார்கள். அது தவறு. ஸ்வான்சி நகரத்திலுள்ள ஓட்டுநர் மற்றும் வாகன உரிம முகமை, அதாவது எல்லோரும் டி.வி.எல்.ஏ. என்று அழைக்கும் நிறுவனம், அத்தகையவரின் பெயரில் ஒரு பதிவை உருவாக்கிப் புள்ளிகளை அதில் ஏற்றி வைக்கும். பின்னாளில் அவர் உரிமம் எடுக்கும்போது அந்தப் புள்ளிகள் அதனோடு வந்து சேரும். தற்காலிக உரிமக் காலத்தில் வாங்கிய புள்ளிகளும் அப்படியே முழு உரிமத்துக்குத் தொடர்கின்றன.

உரிமத்தோடு காகிதத் தாள் ஒன்றையும் சேர்த்து வைத்திருந்த பழைய முறை 2015 ஜூன் 8 அன்று ஒழிக்கப்பட்டது. இப்போது கையிலிருக்கும் பிளாஸ்டிக் அட்டையில் புள்ளிகள் எதுவும் தெரியாது. எல்லாம் கணினிப் பதிவில் இருக்கின்றன. அரசின் இணையதளத்தில் உரிம எண், தேசியக் காப்பீட்டு எண், அஞ்சல் குறியீடு ஆகியவற்றைக் கொடுத்து உங்கள் பதிவை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். வேலை கொடுப்பவரோ கார் வாடகை நிறுவனமோ பார்க்க விரும்பினால், அங்கிருந்தே ஒரு பகிர்வுக் குறியீட்டை எடுத்துக் கொடுக்கலாம். அது 21 நாட்கள் செல்லும். இன்றைக்கே ஒரு முறை அந்தப் பதிவைத் திறந்து, பெயரும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். முகவரி மாறியதைத் தெரிவிக்காமல் இருப்பதே 1,000 பவுண்ட் வரை அபராதத்துக்குரிய குற்றம். வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் உரிமத்தில் ஒரு முறையும், வாகனப் பதிவுச் சான்றில் இன்னொரு முறையும், ஆக இரண்டு இடங்களில் முகவரியை மாற்ற வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பின்னால் சொல்லப்போகும் சிக்கல்களில் பெரும்பகுதி இங்கிருந்தே தொடங்குகிறது.

இரண்டாம் படி: புள்ளிகள் சேரும் கணக்கு

வேகக் குற்றத்துக்கு 3 முதல் 6 புள்ளிகள். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 3. கவனமின்றி ஓட்டினால் 3 முதல் 9. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்தால் 6 புள்ளிகளும் 200 பவுண்ட் அபராதமும். காப்பீடின்றி ஓட்டினால் 6 முதல் 8 வரை. பதிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு குறியீடு இருக்கும்: எஸ்.பி.30 என்றால் வேகம், சி.யு.80 என்றால் கைப்பேசி, ஐ.என்.10 என்றால் காப்பீடின்மை, எம்.எஸ்.90 என்றால் ஓட்டுநர் யார் என்று தெரிவிக்கத் தவறியது.

கைப்பேசி விதியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 2017 மார்ச்சில் 3 புள்ளிகளாக இருந்த தண்டனை 6 ஆக உயர்த்தப்பட்டது. 2022 மார்ச்சில் சட்டம் மேலும் இறுக்கப்பட்டு, பேசுவது மட்டுமின்றிப் படம் எடுப்பது, பாட்டை மாற்றுவது, திரையைத் தடவுவது என்று கையில் பிடித்துச் செய்யும் எல்லாமே குற்றமாயிற்று. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதும் இது பொருந்தும். உணவு விநியோக வேலை செய்யும் மாணவர்கள் வழியைப் பார்ப்பதற்காகக் கைப்பேசியை எடுக்கும் வழக்கத்தை விட்டு, அதற்கான தாங்கியில் பொருத்திவிட்டே வண்டியை எடுக்க வேண்டும்.

அதே மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று காப்பீடு. சொந்தப் பயன்பாட்டுக்கான சாதாரணக் காப்பீட்டை வைத்துக்கொண்டு கூலிக்கு உணவோ பொட்டலமோ ஏற்றிச் சென்றால், அந்தப் பயணத்துக்குக் காப்பீடு இல்லை என்றே பொருள். போலீஸ் நிறுத்திக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்ட மறுநிமிடமே அது தெரிந்துவிடும். 300 பவுண்ட், 6 புள்ளிகள், வண்டி பறிமுதல். சொந்தமாக வாங்கிய மின் ஸ்கூட்டரைச் சாலையில் ஓட்டுவதும் இதே வகையில்தான் சேரும், ஏனெனில் சட்டத்தின் பார்வையில் அது ஒரு மோட்டார் வாகனம்.

வாகன நிறுத்தம், பேருந்துத் தடம், மஞ்சள் கட்டச் சந்திப்பு, லண்டனின் மாசுக் கட்டண மண்டலம் ஆகியவற்றுக்காக உள்ளாட்சி மன்றமும் போக்குவரத்துக் கழகமும் அனுப்பும் கட்டண அறிவிப்புகளுக்குப் புள்ளிகள் கிடையாது. போலீஸிடமிருந்தோ நீதிமன்றத்திடமிருந்தோ வரும் கடிதங்களே உரிமத்தைத் தொடுபவை. உறையைப் பிரித்ததும் யார் அனுப்பியது என்பதை முதலில் பாருங்கள்.

இப்போது கணக்கு. 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் குற்றவாளிகள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டு இடைவெளிக்குள் செய்த குற்றங்களுக்கான புள்ளிகள் 12-ஐ எட்டினால், நீதிமன்றம் குறைந்தது 6 மாதம் ஓட்டத் தடை விதிக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளுக்குள் 56 நாளோ அதற்கு மேலோ ஏற்கெனவே ஒரு தடை இருந்திருந்தால் இது 1 ஆண்டாகும். இரண்டு தடைகள் இருந்திருந்தால் 2 ஆண்டுகள். இந்த மூன்று ஆண்டுகள் குற்றம் நடந்த நாளிலிருந்து குற்றம் நடந்த நாள் வரை கணக்கிடப்படுகின்றன. வழக்கு எப்போது விசாரணைக்கு வந்தது என்பது பொருட்டல்ல. வழக்கைத் தள்ளிப்போட்டால் பழைய புள்ளிகள் கழிந்துவிடும் என்று நினைத்து வாய்தா வாங்குபவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. புள்ளிகள் மூன்று ஆண்டுகளில் கணக்கிலிருந்து விலகினாலும், பதிவில் பொதுவாக 4 ஆண்டுகள் தெரிந்துகொண்டே இருக்கும். மூன்றாம் ஆண்டின் கடைசி நாட்களில் நடந்த குற்றம் நீதிமன்றத்துக்கு வந்து சேரும் வரை பழைய பதிவு கண்முன் இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கூடுதல் ஓராண்டு. குடித்துவிட்டோ போதைப்பொருள் உட்கொண்டோ ஓட்டிய குற்றங்களின் பதிவு 11 ஆண்டுகள் நிற்கும்.

குடித்து ஓட்டுவதற்குப் புள்ளிக் கணக்கே தேவையில்லை. முதல் குற்றத்துக்கே குறைந்தது 12 மாதத் தடை. பத்து ஆண்டுகளுக்குள் மறுபடி நடந்தால் குறைந்தது 3 ஆண்டுகள்.

மூன்றாம் படி: தேர்வு முடிந்த முதல் இரண்டு ஆண்டுகள்

நம்மவர்களை மிகக் கடுமையாகத் தாக்கும் விதி இதுதான் என்பது என் கருத்து. 1995-ஆம் ஆண்டின் புதிய ஓட்டுநர்கள் சட்டம் 1997 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, முதன்முறையாகச் சாலைத் தேர்வில் தேறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்த குற்றத்தால் புள்ளிகள் 6-ஐ எட்டினால் உரிமம் ரத்தாகும். கோயம்புத்தூரில் இருபது ஆண்டுகள் லாரி ஓட்டியவராக இருந்தாலும், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வாரந்தோறும் வேன் ஓட்டியவராக இருந்தாலும், இங்கே தேர்வில் தேறிய நாள் முதல் அவர் புதிய ஓட்டுநரே.

இந்த ரத்தை நீதிபதி விதிப்பதில்லை. புள்ளிகள் பதிவில் ஏறியதும் டி.வி.எல்.ஏ. தானாகவே செய்துவிடுகிறது, ஆகவே குடும்பக் கஷ்டத்தையோ வேலை போய்விடும் என்பதையோ சொல்லி இதைத் தவிர்க்க வழி இல்லை. ஒருமுறை கைப்பேசியைத் தொட்டால் 6 புள்ளிகள். அத்துடன் உரிமம் போயிற்று. தேர்வுக்கு முன்பே 3 புள்ளிகள் இருந்தால், தேர்வுக்குப் பின் இன்னொரு 3 போதும். பிறகு மறுபடி தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பித்து, எல் பலகை மாட்டி, இரண்டு தேர்வுகளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். பழைய புள்ளிகளோ அழியாமல் அப்படியே இருக்கும். சாலைத் தேர்வுக்கு இடம் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இதன் சுமை நன்றாகப் புரியும்.

நான்காம் படி: போலீஸிடமிருந்து கடிதம் வந்தால்

வேகக் கேமராவில் சிக்கினால், வாகனத்தின் பதிவு உரிமையாளருக்கு, வழக்குத் தொடரும் எண்ணம் உள்ளதைத் தெரிவிக்கும் அறிவிப்பு 14 நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். அதே உறையில், அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியவர் யார் என்று கேட்கும் படிவமும் இருக்கும். அதற்கு 28 நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். அந்த 14 நாள் கெடு முதல் கடிதத்துக்கு மட்டுமே உரியது. குத்தகை நிறுவனத்தின் பெயரிலோ அண்ணன் பெயரிலோ வண்டி பதிவாகியிருந்து, அவர்கள் உங்கள் பெயரைத் தெரிவித்து, அதன் பிறகு உங்களுக்கு வரும் கடிதம் தாமதமாக வந்தது என்று வாதிட முடியாது.

இந்தக் கட்டத்தில் பலர் எடுக்கும் முடிவு, ஒன்றும் செய்யாமல் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவது. வேகக் குற்றத்துக்கு 3 புள்ளிகளோடு முடிந்திருக்கும். பதில் அனுப்பாமல் இருப்பது தனிக் குற்றமாகி 6 புள்ளிகளும் 1,000 பவுண்ட் வரை அபராதமும் தருகிறது. புதிய ஓட்டுநர் ஒருவர் முப்பது மைல் சாலையில் முப்பத்தாறில் போனதற்காக உரிமத்தை இழக்கமாட்டார். அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாததற்காக இழப்பார். ஓட்டியவர் யாரென்று சொல்வது தன்னைத்தானே காட்டிக்கொடுப்பதாகும் என்ற வாதத்தையும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-இல் நிராகரித்துவிட்டது.

படிவத்தை நிரப்பிக் கையெழுத்திடுங்கள். கையெழுத்து இல்லாத படிவம் பதிலாக ஏற்கப்படாது. நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, அஞ்சல் நிலையத்தில் அனுப்பியதற்கான சான்றுச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஓட்டியவர் நான்தான் என்று எழுதுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. குற்றத்தை ஏற்பதா மறுப்பதா என்பது அடுத்த கடிதத்தில் வரும் கேள்வி. ஒரே வண்டியை வீட்டிலுள்ள நான்கு பேரும் மாறி மாறி எடுக்கும் வழக்கம் இருந்தால், யார் எப்போது எடுத்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். யார் ஓட்டினார் என்று தெரியவில்லை என்ற பதில் செல்ல வேண்டுமானால், கண்டுபிடிக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுத்ததை நீதிமன்றத்தில் நிறுவியாக வேண்டும். வெறுமனே நினைவில்லை என்பது போதாது.

அடுத்து வரும் கடிதம் மூன்று வழிகளில் ஒன்றைக் காட்டும். வேகம் எல்லைக்குச் சற்று மேலே மட்டும் இருந்து, கடந்த மூன்று ஆண்டுகளில் அத்தகைய வகுப்புக்குச் சென்றிராவிட்டால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேக விழிப்புணர்வு வகுப்புக்கு அழைப்பு வரலாம். 30 மைல் சாலையில் இது பொதுவாக 42 மைல் வரை கிடைக்கிறது. கட்டணம் செலுத்தி முழு வகுப்பிலும் கலந்துகொண்டால் புள்ளிகள் இல்லை. வாய்ப்புக் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி, 100 பவுண்டும் 3 புள்ளிகளும் கொண்ட நிலையான அபராதம். மூன்றாவது நீதிமன்றம். உங்கள் பதிவில் ஏற்கெனவே 9 புள்ளிகள் இருந்தால் நிலையான அபராதம் கிடைக்காது, ஏனென்றால் இன்னும் 3 சேர்ந்தால் தடையைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர் நீதிபதி.

ஐந்தாம் படி: வேறொருவர் பெயரை ஒருபோதும் எழுதாதீர்கள்

“மாமா பெயரைப் போட்டுவிடு, அவர் ஊருக்குப் போய்விட்டார்” என்ற யோசனையை யாராவது சொல்லியே தீருவார்கள். இதை அன்பினால் செய்யும் உதவி என்று குடும்பங்கள் நினைக்கின்றன. சட்டம் இதை நீதியின் போக்கைத் திரித்தல் என்று அழைக்கிறது. அது சிறைத் தண்டனைக்குரிய பெருங்குற்றம். பிரிட்டன் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹியூன், 2003-இல் நடந்த ஒரு வேகக் குற்றத்தின் புள்ளிகளைத் தம் மனைவி விக்கி பிரைஸ் ஏற்கும்படி செய்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2013-இல், இருவருக்கும் எட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. பீட்டர்பரோ நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பியோனா ஓனசான்யாவின் வழக்கு நம் மாமா கதைக்கு இன்னும் நெருக்கமானது: ஓட்டியவர் என்று படிவத்தில் எழுதப்பட்டிருந்த மனிதர் அந்த நேரத்தில் ரஷ்யாவில் இருந்தது விசாரணையில் தெரிந்தது. 2019 ஜனவரியில் மூன்று மாதச் சிறையும், அதே ஆண்டில் பதவி இழப்பும். குடிவரவுத் துறை பயண விவரங்களை வைத்திருக்கிறது. கேமராப் படத்தில் முகம் தெரியாவிட்டாலும் கைப்பேசிக் கோபுரப் பதிவு இருக்கிறது. விசாவில் இருப்பவருக்குச் சிறைத் தண்டனை என்பது நாட்டை விட்டு வெளியேற்றப்படும் அபாயத்தையும் கொண்டுவரும். மூன்று புள்ளிகளுக்காக இதற்குள் காலை வைக்க வேண்டாம்.

ஆறாம் படி: நீதிமன்றம்

பெரும்பாலான போக்குவரத்து வழக்குகள் இப்போது ஒற்றை நீதிபதி நடைமுறையில், யாரும் நேரில் வராமலே, காகிதங்களை வைத்து முடிக்கப்படுகின்றன. அதற்கான அறிவிப்பு வந்ததும் 21 நாட்களுக்குள் குற்றத்தை ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று பதில் அனுப்ப வேண்டும். தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டால் அபராதத் தொகை மூன்றில் ஒரு பங்கு வரை குறையும், புள்ளிகள் குறையா. வருமான விவரப் படிவத்தையும் தவறாமல் நிரப்புங்கள், ஏனெனில் வேக அபராதம் வார வருமானத்தின் விகிதமாகக் கணக்கிடப்படுகிறது. படிவம் வராவிட்டால் நீதிமன்றம் தானே ஒரு வருமானத்தை ஊகித்துக்கொள்ளும்.

பழைய முகவரிக்குக் கடிதம் போய், உங்களுக்குத் தெரியாமலே தண்டனை விதிக்கப்பட்டிருந்தால், அதை அறிந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் ஒரு சட்டபூர்வ உறுதிமொழி அளிக்க வேண்டும். வழக்கைப் பற்றித் தமக்கு எதுவும் தெரியாது என்று உறுதியளித்தால் அந்தத் தீர்ப்பு செல்லாததாகி, வழக்கு முதலிலிருந்து தொடங்கும். உறுதிமொழி உண்மையாக இருக்க வேண்டும். பொய்யுறுதி தனிக் குற்றம்.

தடை விதிப்பதைப் பற்றி நீதிமன்றம் யோசிக்கிறது என்றால், விசாரணைக்கு வர வாய்ப்பளித்துக் கடிதம் அனுப்பும். அன்று கட்டாயம் செல்லுங்கள். ஆங்கிலத்தில் நுட்பமாகப் பேச இயலாதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே தெரிவித்தால் நீதிமன்றமே தன் செலவில் ஏற்பாடு செய்யும். மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது சரியான வழியல்ல.

12 புள்ளிகளை எட்டியவருக்குச் சட்டத்தில் ஒரே ஒரு முக்கிய வாயில் திறந்திருக்கிறது: தடையால் விளையும் இன்னல் அசாதாரணமானது என்று நிரூபித்தால், நீதிமன்றம் தடையைத் தவிர்க்கலாம் அல்லது காலத்தைக் குறைக்கலாம். குற்றம் சிறியது என்ற வாதத்தைச் சட்டம் ஏற்பதில்லை. சாதாரண இன்னலும் போதாது. பேருந்தில் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணிப்பது, வாடகைக் காருக்குச் செலவாவது எல்லாம் தடையின் இயல்பான விளைவுகள். வேலை போகும் என்பது மட்டுமே போதும் என்றும் எண்ணக் கூடாது. குற்றம் செய்யாத பிறர் படும் பாட்டுக்கு நீதிமன்றம் அதிக எடை தருகிறது: வாரம் மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வேறு ஆளில்லாத தாய், உங்கள் கடை மூடினால் வேலை இழக்கும் ஊழியர்கள் போன்ற நிலைமைகள் கருத்தில் கொள்ளப்படும். மருத்துவரின் கடிதம், முதலாளியின் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், அந்தப் பாதையில் பேருந்து இல்லை என்பதற்கான கால அட்டவணை என்று ஆவணங்களோடு செல்ல வேண்டும். உறுதிமொழி எடுத்துச் சாட்சிக் கூண்டிலிருந்து சொல்ல வேண்டும். குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை ஏற்கப்பட்ட காரணத்தை அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடி சொல்ல முடியாது.

இந்த வாயிலைப் பற்றி என் மனத்தில் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். 12 புள்ளிகளுக்கு மேல் வைத்துக்கொண்டு இன்றும் சட்டப்படி ஓட்டுபவர்கள் பிரிட்டனில் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்த இன்னல் வாதத்தால் தப்பியவர்கள். நான்கு முறை எச்சரிக்கப்பட்டும் மாறாத ஒருவரை மறுபடி சாலையில் விடுவதன் விலையை, நடைபாதையில் பிள்ளையோடு போகிற வேறொருவர்தான் கொடுக்க நேரும். 2020-இல் தண்டனை வழிகாட்டுக் குழு நீதிபதிகளுக்கான விளக்கத்தைக் கடுமையாக்கி, ஏறத்தாழ எந்தத் தடையும் இன்னலைத் தரத்தான் செய்யும், ஆதாரமில்லாத கூற்றை எளிதில் ஏற்கக் கூடாது, மாற்றுப் போக்குவரத்து உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. அது சரியான திசை என்றே நான் நம்புகிறேன். உங்கள் நிலைமை உண்மையிலேயே அசாதாரணமாக இருந்தால் அதைத் துணிந்து சொல்லுங்கள். இல்லாததை உருவாக்கிச் சொல்ல வேண்டாம்.

ஏழாம் படி: தடை விதிக்கப்பட்ட நாள்

தடை, நீதிபதி வாயிலிருந்து சொல் வந்த கணமே தொடங்குகிறது. நீதிமன்ற வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும் உங்கள் காரை வீட்டுக்கு எடுத்துச் செல்வதுகூட, தடையை மீறி ஓட்டிய குற்றமாகும். ஆகவே விசாரணை நாளன்று ரயிலில் செல்லுங்கள், அல்லது உரிமமுள்ள ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து எடுத்து வந்த இந்திய உரிமமோ, சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டோ இந்தத் தடைக் காலத்தில் இங்கே எந்தப் பயனும் தராது. தடை மனிதருக்கு விதிக்கப்பட்டது, அவர் கையிலுள்ள அட்டைக்கு அல்ல. மொபெட், மின் ஸ்கூட்டர் எதையும் ஓட்டக் கூடாது. கற்றுக்கொள்பவரின் அருகில் மேற்பார்வையாளராக உட்காரவும் கூடாது. சைக்கிள் ஓட்டலாம்; 250 வாட் மோட்டாரும், மணிக்கு 15.5 மைலில் உதவியை நிறுத்திக்கொள்ளும் அமைப்பும் கொண்ட, சட்டத்துக்கு உட்பட்ட மின் சைக்கிளும் ஓட்டலாம்.

தடையை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, வரம்பற்ற அபராதம், மேலும் 6 புள்ளிகள் அல்லது நீண்ட தடை. போலீஸ் வண்டிகளிலும் சாலையோரத் தூண்களிலும் உள்ள எண் தகடு படிக்கும் கேமராக்கள், காப்பீடு இல்லாத வண்டியையும், தடையுள்ளவரோடு தொடர்புடைய வண்டியையும் கண்டு எச்சரிக்கின்றன. நிறுத்தப்பட்ட இடத்திலேயே வண்டியைப் பறிமுதல் செய்ய அதிகாரம் உண்டு. இருந்தாலும் கேமரா எல்லாத் தெருவிலும் இல்லை. தடை உண்மையில் நடைமுறையாவது பெரும்பாலும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. தடை இருப்பது தெரிந்தும் தம்பிக்குச் சாவியைக் கொடுக்கும் அண்ணன், காப்பீடின்றி ஓட்ட அனுமதித்த குற்றத்துக்காகத் தாமும் 6 முதல் 8 புள்ளிகள் வாங்குவார். கேட்டவருக்கு மறுப்பது அந்த நேரத்தில் சங்கடமாக இருக்கலாம். மறுத்தே ஆக வேண்டும்.

தடை விதிக்கப்பட்டதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். வண்டியைச் சாலையில் நிறுத்தி வைத்திருந்தால் வரியும் காப்பீடும் தொடர்ந்து இருக்க வேண்டும். இரண்டையும் நிறுத்த வேண்டுமானால் வண்டியைத் தனியார் இடத்தில் வைத்து, சாலையில் இல்லை என்ற அறிவிப்பை டி.வி.எல்.ஏ.வுக்குக் கொடுக்க வேண்டும். மனைவி ஓட்டப்போகிறார் என்றால் காப்பீட்டில் அவரையே முதன்மை ஓட்டுநராக எழுத வேண்டும். கூலிக்குக் கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர் உரிமம் அளித்த அமைப்புக்கும், வேலைக்காக ஓட்டுபவர் முதலாளிக்கும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்திலும் நீதிமன்றத் தண்டனைகளைப் பற்றிய கேள்வி வரும். நீதிமன்றக் கடிதங்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

எட்டாம் படி: உரிமத்தைத் திரும்பப் பெறுதல்

தடை 56 நாட்களுக்குக் குறைவாக இருந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை; காலம் முடிந்ததும் இணையப் பதிவில் தடை நீங்கியதைப் பார்த்துவிட்டு ஓட்டலாம். 56 நாளோ அதற்கு மேலோ என்றால் பழைய உரிமம் செல்லாததாகிவிடும். தடை முடிவதற்கு 56 நாட்களுக்கு முன்பு டி.வி.எல்.ஏ. ஒரு நினைவூட்டல் படிவத்தை அனுப்பும். அதுவும் பதிவிலுள்ள முகவரிக்கே வரும் என்பதால், தடைக் காலத்தில் வீடு மாறினால் அதையும் தெரிவித்தாக வேண்டும். மறுதேர்வு எழுதும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தால், தற்காலிக உரிமம் எடுத்து அந்தத் தேர்வில் தேறும் வரை முழு உரிமம் இல்லை. ஆபத்தாக ஓட்டிய குற்றத்துக்கு வழக்கமான தேர்வைவிட நீண்ட தேர்வு கட்டாயம். குடித்து ஓட்டியவருக்கு நீதிமன்றம் மறுவாழ்வுப் பயிற்சியை அனுமதித்திருந்தால், அதை முடிப்பதன் மூலம் தடைக் காலத்தில் கால் பங்கு வரை குறைக்கலாம். நீண்ட தடை பெற்றவர் இடையில் நீக்கக் கோரலாம், ஆனால் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே.

12 புள்ளிக் கணக்கில் தடை பெற்றவருக்கு, அந்தக் கணக்கில் சேர்ந்த பழைய புள்ளிகள் இனி எண்ணப்படா. ஒரே குற்றத்துக்காகத் தனியே விதிக்கப்படும் தடை, ஏற்கெனவே இருந்த புள்ளிகளை அப்படி நீக்குவதில்லை; இந்த வேறுபாடு தெரியாமல் தம் உரிமம் வெறுமையாகிவிட்டது என்று நம்பி ஓட்டுபவர்கள் உண்டு. எனவே முதல் நாள் வண்டியை எடுப்பதற்கு முன் மூன்றைச் சரிபாருங்கள்: உரிமம் உண்மையில் கையில் வந்திருக்கிறதா, இணையப் பதிவில் எத்தனை புள்ளிகள் நிற்கின்றன, தடையை மறைக்காமல் சொல்லி எடுத்த காப்பீடு இருக்கிறதா. காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகக் கடந்த 5 ஆண்டுகளின் தண்டனைகளைக் கேட்கும், 12 புள்ளிக் கணக்கில் விழுந்த தடையைக் குறிக்கும் டி.டி.99 (TT99) என்ற குறியீட்டை மறைத்து மலிவாக எடுத்த காப்பீடு ரத்து செய்யப்படலாம், அப்போது காப்பீடின்றி ஓட்டிய குற்றத்துக்கான 6 புள்ளிகளோடு கணக்கு மறுபடி தொடங்கும்.